அத்தையின் பாட்டுப் பதிவுகள்

அன்புள்ள அத்தைக்கு,

லேப்டாப் திரையைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். தாலாட்டு ஃபோல்டரில் பாதிக் கோப்புகளின் பக்கத்தில் சிவப்பு வட்டமும் அதற்குள் வெள்ளைப் பெருக்கல் குறியும் இருக்கின்றன. அந்தக் குறி உள்ளவை ஒன்டிரைவுக்கு ஏறவில்லை. உலகத்திலேயே அவை உங்கள் லேப்டாப் ஒன்றில்தான் இருக்கின்றன. கம்ப்யூட்டர் கடைக்காரர், ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டு, அன்இன்ஸ்டால் செய்து புதிதாகப் போட்டால் சரியாகிவிடும்’ என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் எனக்குப் பகீரென்றது. தயவுசெய்து எதிலும் கை வைக்க வேண்டாம், அவரையும் வைக்க விடாதீர்கள்.

முதல் வேலையாக ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பாட்டுகள், நீங்கள் டைப் செய்து வைத்த வரிகள், புகைப்படங்கள் எல்லாவற்றையும் அதில் காப்பி எடுங்கள். ‘கட்’ கொடுக்கக் கூடாது. நீல மேகக் குறி போட்டிருப்பவை லேப்டாப்பில் பெயரளவுக்கு மட்டும் இருப்பவை. காப்பி எடுக்கும்போதுதான் இணையத்திலிருந்து இறங்கி வரும். அதனால் இணைப்பு நன்றாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள். முடிந்ததும் நான்கைந்து பதிவுகளை டிஸ்கிலிருந்தே திறந்து கடைசிவரை கேளுங்கள். பிறகு டிஸ்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள். உங்களுக்குப் பாடிக் கொடுத்த ஆச்சிகள் சிலர் இப்போது இல்லை. அவர்கள் குரலை மறுபடி போய்ப் பதிந்துவர முடியாது. ஒன்டிரைவ் இன்னும் ஒரு மாதம் ஓடாமல் கிடந்தாலும் பரவாயில்லை, இந்தக் காப்பிதான் அவசரம்.

இனி, ஏன் ஏறவில்லை என்பதற்கு வருகிறேன். ஒன்டிரைவ் இலவசமாகக் கொடுப்பது 5 ஜி.பி. மட்டும். உங்கள் ரெக்கார்டர் வேவ் வடிவத்தில் பதிகிறது. சி.டி. தரத்தில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்.பி., ஒரு மணி நேரத்துக்கு 600 எம்.பி.க்கு மேல். எட்டு மணி நேரப் பாட்டிலேயே அந்த 5 ஜி.பி. நிரம்பிவிடும். போதாததற்கு டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் என்ற மூன்று ஃபோல்டர்களும் அதே இடத்துக்குத்தான் போகின்றன. பேரன் காதுகுத்துப் படங்களும் ஒப்பாரிப் பதிவுகளும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன. திரையின் வலது கீழ் மூலையில் இருக்கும் மேகத்தைச் சொடுக்கிப் பாருங்கள், இடம் நிறைந்துவிட்டது என்ற செய்தி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பணம் கட்டினால் 1 டி.பி. வரை கிடைக்கும். ஆனால் அது இப்போது வேண்டாம் என்பதே என் யோசனை, பணத்துக்காகச் சொல்லவில்லை. ‘ஒன்டிரைவில் இருக்கிறது, இனிக் கவலையில்லை’ என்று போன முறை சொன்னீர்களே, அந்த நம்பிக்கைதான் எனக்குக் கவலை. அது கண்ணாடி மாதிரி: இங்கே இருப்பது அங்கே தெரியும், இங்கே எடுத்துவிட்டால் அங்கேயும் இருக்காது. லேப்டாப்பில் ஒரு பாட்டை அழித்தால் இணையத்திலிருந்தும், உங்களோடு இதே ஒன்டிரைவைப் பகிரும் தம்பியின் கணினியிலிருந்தும் சேர்ந்தே போய்விடும். இணையத்தில் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின்னில் 30 நாள் கிடக்கும், அதற்குள் கவனித்தால் மீட்கலாம். இடம் வேண்டுமென்றால் கோப்பின் மேல் வலது சொடுக்குப் போட்டு ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது லேப்டாப்பில் மட்டும் இடத்தைக் காலி செய்யும், பாட்டு இணையத்தில் பத்திரமாக இருக்கும். ‘டெலிட்’ பக்கம் போகவே வேண்டாம்.

ஆகவே இப்படிச் செய்வோம். மூல வேவ் பதிவுகள் இரண்டு டிஸ்குகளில் இருக்கட்டும், ஒன்று உங்கள் வீட்டில், ஒன்று எங்கள் வீட்டில். ஒன்டிரைவில் எம்.பி.3 பிரதிகளும் பாட்டு வரிகளும் போதும். எம்.பி.3 சாதாரணத் தரத்தில் நிமிடத்துக்கு 1 எம்.பி. அளவுதான், அதே 5 ஜி.பி.யில் 80 மணி நேரத்துக்கு மேல் அடங்கும். டிஸ்க் காப்பிகள் இரண்டும் தயாரான பிறகு நானே உட்கார்ந்து மாற்றித் தருகிறேன்.

‘கொல்லங்குடி’ என்று ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர்கள் எப்படி வந்தன என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று உங்கள் தோழியின் பழைய ஆப்பிள் கணினியிலிருந்து வந்தது, இல்லையா? அந்தக் கணினிகள் ‘கொ’வின் கொம்பையும் காலையும் இரண்டு குறிகளாகப் பிரித்துச் சேமிக்கும். நம் விண்டோஸில் டைப் செய்யும்போது அவை பெரும்பாலும் ஒரே குறியாகப் போகும். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு பெயர்கள். இரண்டிலும் வேறு வேறு பாட்டுகள் இருக்கக்கூடும், அதனால் ஒன்றை அழித்துவிடாதீர்கள். தோழி தந்ததன் பெயரைப் புதிதாக டைப் செய்து, பின்னால் அவர் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

பாட்டு வரிகள் இருக்கும் ஃபைலுக்குப் பக்கத்தில் கணினியின் பெயரை வாலாகச் சேர்த்து இன்னொன்று நிற்கிறதே, அது வேறு விஷயம். இணையம் இல்லாத நேரத்தில் நீங்களும் தம்பியும் ஒரே ஃபைலைத் திருத்தியிருப்பீர்கள். எது சரி என்று தெரியாமல் இரண்டையும் வைத்திருக்கிறது, நல்லதுதான். பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்து ஒப்பிட்டு ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். இனித் தாலாட்டு உங்களுக்கு, ஒப்பாரி தம்பிக்கு என்று ஃபைலைப் பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை வராது.

கரண்ட் போன நேரத்தில் பேட்டரி சேவர் ஓடினால் ஒன்டிரைவ் தானாகவே நின்றுவிடும். அது கோளாறு இல்லை, கரண்ட் வந்து சார்ஜ் ஏறினால் தொடரும். இவ்வளவுக்கும் பிறகு சரியாகாவிட்டால் ரீசெட் என்று ஒரு வழி இருக்கிறது. அதில் கோப்புகள் அழியாது, ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிபார்க்கும், நேரம் பிடிக்கும். அதை நான் போனில் கூட இருக்கும்போது செய்யலாம்.

இரண்டாவது டிஸ்கைப் பொங்கலுக்கு வரும்போது நான் வாங்கி வருகிறேன். முதல் டிஸ்க் இந்த வாரமே வேண்டும், மாமாவை டவுனுக்கு அனுப்புங்கள். காப்பி முடிந்ததும் மேகத்தைச் சொடுக்கினால் வரும் செய்தியை முழுதாகப் படமெடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் எப்போதும் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்