காட்டுக்கோழி கூவிய ஓடை

1978-இல் நான் சிறுவன். அம்மா பெரட்டுக்குக் கிளம்பும் நேரம், ஓடையோரப் புதர்க்காட்டில் காட்டுக்கோழி கூவும். ஞாயிறுதோறும் அப்பா அங்கே கண்ணி வைப்பார், யாரும் தடுத்ததில்லை.

ஒருநாள் பெட்டை சிக்கியது. பக்கத்தில், தரையிலேயே முட்டைகள். அப்பா கண்ணியை அறுத்து விட்டுவிட்டார்.

“ஏம்ப்பா?”

“தாயத் தின்னுட்டா அடுத்த வருஷம் குஞ்சுக்கு எங்கடா போறது?”

பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. ஓடைக்கரை வரை புதரை அழித்து, வேலியும் போட்டார்கள். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் காட்டுக்கோழியைப் பிடிப்பது குற்றம். நல்லதுதான். ஆனால் தரையில் முட்டையிடும் பறவைக்கு மறைவிடம் வேண்டாமா?

சென்ற மாதம் அங்கே விடியும்வரை நின்றேன். ஒரு கூவலும் கேட்கவில்லை. உங்கள் தோட்டத்து ஓடையோரம் புதர் மிஞ்சியிருந்தால், அதையாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள்.