காகிதத்துக்குத்தான் ஓரம்

சிவகாசி,
14.7.2025

அன்புள்ள கயல்,

நீ செய்த பலகாரக் கடையின் வலைப்பக்கத்தை நேற்று ராத்திரி நானும் உன் சித்தியும் திறந்து பார்த்தோம். வாழையிலைப் பச்சையையும் வெல்லத்தின் நிறத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாயே, அது கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. நல்ல கை உனக்கு. ஆனால் நீ கேட்டது பாராட்டை இல்லை. “குறை இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள் சித்தப்பா” என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

சித்தி தன் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறாள். மற்ற எழுத்தெல்லாம் பெரிதாக வந்தது. விலைப்பட்டியல் மட்டும் எறும்பு வரிசை மாதிரி கிடந்தது. விரலை வைத்து அழுத்திப் பார்த்ததும் புரிந்தது. பட்டியலைப் படமாக வைத்திருக்கிறாய். கடையின் போன் எண்ணும் அந்தப் படத்துக்குள்ளேதான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2000இல் நான் செய்ததும் இதேதான்.

அதற்கு முன்பு இங்கே அச்சகத்தில் பேஜ்மேக்கரில் காலண்டர் வேலை பார்த்தேன். காகிதம் எத்தனை அங்குலம் என்று முதலிலேயே தெரிந்துவிடும். ஒரு கலர் மயிரிழை விலகினாலும் மெஷின்மேன் முகம் மாறிவிடும். அந்தக் கணக்கோடுதான் சென்னைக்குப் போய் வலைப்பக்கம் செய்ய உட்கார்ந்தேன். திரையையும் 800க்கு 600 அளவுள்ள ஒரு காகிதம் என்றே நினைத்தேன். டேபிளுக்குள் டேபிள், அதற்குள் இன்னொரு டேபிள். ஒரு எழுத்தை நாலு புள்ளி தள்ளி வைக்க, கண்ணுக்குத் தெரியாத ஒற்றைப் புள்ளிப் படம் ஒன்றை இழுத்து நிறுத்துவோம். ஒரு ஜவுளிக்கடைக்காரர் தன் விசிட்டிங் கார்டைத் திரையோரம் பிடித்து, “இந்தச் சிவப்பு அதில் ஏன் இல்லை?” என்று கேட்டார். அவர் வீட்டுக் கணினியில் அது வேறொரு சிவப்பாகத் தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தமிழ் அதைவிடப் பெரிய பாடு. ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. அதை இறக்கிக் கணினியில் போட்டுக்கொள்ளாதவருக்கு, கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் தெரியும். அதனால் தலைப்புகளைப் படமாக வெட்டி ஒட்டினோம். டயல்-அப் இணைப்பில் அந்தப் படம் கோடு கோடாகத் திரையில் இறங்கும். எங்களுக்கு வேறு வழி இல்லை. விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பிறகுதான் யூனிகோடு தமிழ் வீட்டுக் கணினிகளில் மெல்ல வேர் பிடித்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக்கொண்டது. இன்று எழுத்துருவைப் பக்கமே தன்னோடு கொண்டுவந்துவிடுகிறது. உனக்கு நோட்டோ இருக்கிறது, முக்தா மலர் இருக்கிறது. இத்தனை இருந்தும் எழுத்தைப் படமாக்கலாமா? தேடுபொறி அதைச் சரியாகப் படிக்காது, பார்வையற்றவரின் போன் அதை ஒழுங்காக வாசித்துச் சொல்லாது, சித்திக்கும் அது பெரிதாகாது.

அதே 2010இல்தான் ஈதன் மார்கோட் என்பவர், ஒரே பக்கம் சின்னத் திரைக்கும் பெரிய திரைக்கும் தானே ஒதுங்கிக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். புழங்குகிற ஆட்களுக்கு ஏற்ப மாறும் கட்டடங்களைப் பற்றிக் கட்டடக் கலைஞர்கள் பேசியதிலிருந்துதான் அந்த முறைக்குப் பெயரையே எடுத்தார். அதைப் படித்தபோது, பத்து வருஷமாக நான் இல்லாத காகிதத்துக்கு ஓரம் தேடிக்கொண்டிருந்தேன் என்பது உறைத்தது. 2017இல் கிரிட் என்ற கட்டமைப்பு முறை முக்கிய உலாவிகளில் வந்த பிறகு, டேபிள் வித்தை முழுசும் பரணுக்குப் போய்விட்டது. ஃபிளாஷ் கற்க ராத்தூக்கம் விட்டேனே, 2020 முடிவோடு அடோபி அதையும் நிறுத்திவிட்டது. நான் ஃபிளாஷில் செய்த ஒன்றைக்கூட இன்று உன் உலாவியில் நேராகத் திறந்து காட்ட முடியாது. ஆனால் வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் வைத்த முதல் பக்கத்தின் பழைய பிரதி ஒன்றை, 2013இல் பழைய முகவரியிலேயே மறுபடி வைத்தார்கள். திறந்து பார். வெறும் எழுத்தும் இணைப்பும்தான். ஜன்னலைச் சுருக்கினால் வரிகள் தாமாக மடங்கிக்கொள்ளும். நாங்கள் தலைகீழாக நின்று திரும்பக் கற்றுக்கொண்டது அந்தப் பக்கத்துக்குப் பிறவியிலேயே இருந்த குணம்.

இன்னும் இரண்டு குறைகள். நீ எடுத்த வார்ப்புரு ஆங்கிலத்துக்குப் போட்டது. வரி இடைவெளி 1.1 என்று இருக்கிறது. ஆங்கிலத் தலைப்புக்கு அது போதும். தமிழில் ‘முறுக்கு’வின் கால் கீழ்வரியில் இருக்கும் ‘சீடை’யின் கொண்டையை மிதிக்கிறது. 1.5 வைத்துப் பார், இரண்டும் மூச்சு விடும். அடுத்தது, வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்து. உன் வயதுக் கண்ணுக்கு அது அழகு, என் கண்ணுக்கு வெறும் புகை. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் குறைந்தது 4.5க்கு 1 வேறுபாடு வேண்டும் என்று வலைத் தர விதியே இருக்கிறது.

இப்போது ஏஐயிடம் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் பக்கம் தந்துவிடுகிறது, பிறகு எனக்கு என்ன வேலை என்று கேட்டிருந்தாய். தரட்டும். சித்தி கண்ணாடியைத் தேடாமல் அதைப் படிப்பாளா என்று எட்டிப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், கயல். அந்த வேலை அன்றைக்கும் இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

அண்ணனையும் மதினியையும் கேட்டதாகச் சொல். பட்டியலை எழுத்தாக மாற்று. எண்ணைத் தொட்டால் கடைக்கு அழைப்புப் போகிற மாதிரி செய்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது. சித்திக்கு அரைக் கிலோ அதிரசம் வேண்டுமாம். நேற்று அந்தப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அன்புடன்,
சித்தப்பா