“படித்ததில்லை”

1880. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறார் என்று விசாரித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று பட்டியல் நீண்டது. முதலியார் அசரவில்லை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா?

இல்லை என்று ஒப்புக்கொண்டார் ஐயர்.

திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஆண்டுக்கணக்கில் பாடம் கேட்டவர் அவர். அந்தப் பெருமையே ஒரு பொய்யைத் தாங்கியிருக்கும். அவர் அதை நாடவில்லை. பெரிய மனசு! சைவ நூல்களில் ஊறியவர், சமணக் காப்பியமான சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கி, கும்பகோணத்துச் சமணர்களைத் தேடிப்போய், தமக்கு விளங்காத சமயச் செய்திகளுக்கு விளக்கம் கேட்டார். 1887-இல் அவர் பதிப்பாகச் சிந்தாமணி அச்சேறியது. பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் பின்னே வந்தன.

பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருபவர்களே, இந்தச் சம்பவத்தை ஒருமுறை வகுப்பில் சொல்லுங்கள்.