செம்பாக் ஏரிக்கரையில்

சென்ற யூன் மாதம் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து உழவாரன் குஞ்சொன்று விழுந்து கிடந்தது. ஊரில் பனையோலைக்குள் கூடு கட்டுமே, அதன் குடும்பந்தான். மகள் பாலும் பாணும் கொடுப்போம் என்றாள். நான் தொலைபேசியில் விசாரித்தேன். ஒன்றும் ஊட்டாமல், துளையிட்ட காட்போட் பெட்டியில் வைத்துக் கொண்டுவரச் சொன்னார்கள்.

லுற்சேர்ன் மாநிலத்தில் செம்பாக் ஏரிக்கரையில் இருக்கிறது சுவிஸ் பறவைகள் நிலையம். 1924இல் தொடங்கப்பட்டது. காயப்பட்ட பறவைகளையும் அநாதைக் குஞ்சுகளையும் பராமரிக்கும் பிரிவொன்றும் அங்குண்டு.

"நிலத்தில் விழுந்த உழவாரன் குஞ்சுக்குத் தாய் தகப்பன் வந்து இரை கொடுக்காது. இதைக் கொண்டுவந்தது சரி" என்றார் பெட்டியை வாங்கிய பெண். பூச்சி ஊட்டி, சிறகு முற்றியதும் பறக்க விடுவார்களாம். யாரும் வழிகாட்டாமலே அது ஆபிரிக்கா போய்விடும்.

"அம்செல் குஞ்சு அப்படியல்ல. பறக்கப் பழகுமுன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். தாய் தகப்பன் பக்கத்தில் நின்று இரை கொடுக்கும். காயமில்லாவிட்டால் தொடாதீர்கள். வீதியில் இருந்தால் மட்டும் அருகிலுள்ள புதருக்குள் விடுங்கள்."

மகள் என் கையைப் பிடித்தாள். முந்திய வருடம் புதரடியில் தனியே இருந்த அம்செல் குஞ்சைப் பாவமென்று தூக்கி வந்தவர்கள் நாங்கள். இரண்டு நாளில் அது செத்துப்போனது.

"அப்பா, அதுக்கு அம்மா இருந்திருக்கிறா" என்றாள், திரும்பி வரும்போது ரயிலில்.