ஒரு மடை மட்டும்

அப்பாவின் போன் முழுசாகக் கெட்டுப்போகும் முன், அதில் இருந்த எல்லாவற்றையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். 58 ஜிபி. அவர் போய் இரண்டு வருஷம் கழித்து, காமயகவுண்டன்பட்டி வீட்டில் அம்மா கேட்டாள்: "கவாத்து வெட்டுன அன்னைக்கு ராத்திரி உனக்குப் பேசி அனுப்புனாருல்ல, அதை மட்டும் எடுத்துத் தாய்யா." போன் மாற்றியதில் என்னிடம் இருந்தது எப்போதோ போய்விட்டது.

லேப்டாப்பில் மிச்சம் 9 ஜிபிதான். முழுசாகப் பிரிக்க இடமில்லை. பிரிக்கத் தேவையும் இல்லை. டார்-ஜிஸிப் பொட்டலமாக இருந்தால் முதலிலிருந்து அவிழ்த்துக்கொண்டே வரவேண்டும். ஜிப்பில் ஒவ்வொரு கோப்பும் தனித்தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். எது எங்கே தொடங்குகிறது என்கிற அட்டவணை கடைசியில் இருக்கும். கம்பம் பள்ளத்தாக்குக்காரனுக்கு இது புரியாத விஷயமில்லை. பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிறது. வாய்க்காலில் எவ்வளவு ஓடினாலும், நம்ம வயலுக்கு நம்ம மடையைத் திறந்தால் போதும்.

ஜிப் கோப்பைத் திறக்காமல் பச்சையாகப் பார்த்தால் முதலில் தெரிவது பி, கே என்ற இரண்டு எழுத்து. 1989இல் இந்த வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் இனிஷியல். 2000இல், 37 வயதில் இறந்துபோனார். எழுத்து இன்னும் இருக்கிறது.

பைத்தானோடு கூடவே வரும் ஜிப்ஃபைல் மாட்யூலை வைத்து ஏழெட்டு வரி எழுதினேன். அட்டவணையில் உள்ள பெயர்களை வாசி, நான் சொல்லும் தேதி இருப்பதை மட்டும் காட்டு. வாய்ஸ் நோட்டின் பெயரில் என்ன பேசினார் என்று இருக்காது. தேதியும் வரிசை எண்ணும்தான். அம்மா கூலி நோட்டைக் கொண்டுவந்தாள். 2021 பிப்ரவரி 11. கவாத்து, ஆள் 14.

ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை.

"கரெண்டு பன்னெண்டு மணிக்கு மேலதானேய்யா வரும். மோட்டாரப் போட்டுட்டுத்தான் பேசிருப்பாரு."

12 என்று மாற்றினேன். ஒரே ஒரு பெயர் வந்தது. அதை வெளியே எடுக்க ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஆனால் உடனே போட்டுக் காட்டவில்லை. தேடும்போது முழு அட்டவணையும் ஒருமுறை திரையில் ஓடியிருந்தது. கடைசி வருஷங்களில் அப்பாவுக்குக் கடன் இருந்தது. யாரிடம், எவ்வளவு என்று எங்களிடம் சொன்னதில்லை. அதெல்லாம் உள்ளேதான் இருக்கும். தேதியை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். அம்மாவிடம் சொன்னேன்.

"வேணாம்யா. நம்மகிட்டச் சொல்லணும்னு நெனச்சதச் சொல்லிட்டாரு. மத்தது அவரோடயே இருக்கட்டும்."

பிறகு போட்டேன். 19 நொடி. பின்னால் மோட்டார் சத்தம். "கவாத்து முடிஞ்சிருச்சுப்பா. தண்ணி பாயுது. நீ சாப்ட்டியா?"

"இன்னொருக்கா போடு" என்றாள்.

ஜிப் இன்னும் 58 ஜிபியாகவே இருக்கிறது. அதிலிருந்து ஒன்றை எடுத்தாலும் உள்ளே எதுவும் குறைவதில்லை. ஸ்கிரிப்டை மட்டும் அழித்துவிட்டேன்.