புள்ளியில் தொடங்கும் கோப்புகள்



எங்கள் ஊர்ச் செஞ்சிக் கோட்டை 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையைத் தாங்கி நின்றது. பார்க்க வருகிறவர்கள் ராஜகிரி உச்சியை அண்ணாந்து பார்ப்பார்கள். எனக்குக் கீழே இருக்கிற தானியக் களஞ்சியம்தான் பிடிக்கும். உள்ளே பொருள் ஒழுங்காக இருந்தால்தானே வெளியே மதில் நிற்கும்?

என்னிடம் இருப்பது பக்கத்து வீட்டு அக்காவுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அதில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். இது படுத்துவிட்டால் இன்னொன்று வாங்க வழியில்லை. அதனால், இரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்த என் செட்டிங்குகளாவது பிழைக்க வேண்டும் என்று யோசித்தேன்.

லினக்ஸில் அவையெல்லாம் புள்ளியில் தொடங்கும் கோப்புகளில் இருக்கும். யூனிக்ஸின் ஆரம்ப நாட்களில் '.', '..' இரண்டையும் பட்டியலில் காட்டாமல் விட, முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்த்தார்கள். அதனால் புள்ளி வைத்த எல்லாமே மறைந்துகொண்டன! லாகின் செய்யும்போது 'டாட் புரொஃபைல்', டெர்மினல் திறக்கும்போது 'டாட் பாஷ்ஆர்சி' என்று ஷெல் படித்துக்கொள்ளும்.

எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தகரப் பெட்டியில் ரேஷன் கார்டு ஒரு பையில், பட்டா ஒரு பையில், என் சாதிச் சான்றிதழ் ஒரு பையில் இருக்கும். கரண்ட் போன ராத்திரியில்கூடக் கேட்டதை எடுத்துத் தந்துவிடுவார். நானும் அதையே செய்தேன். சுருக்கக் கட்டளைகளுக்கு ஒரு கோப்பு, பாதைகளுக்கு ஒன்று, சின்னச் சின்ன ஃபங்ஷன்களுக்கு ஒன்று. பாஷ்ஆர்சியில் இவற்றை அழைக்கும் மூன்று வரி மட்டும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்து, ஹோம் டைரக்டரியிலிருந்து 'எல்என் மைனஸ் எஸ்' கட்டளையால் இணைப்புக் கொடுத்தேன். என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்பதை 'கிட்' எழுதி வைத்துக்கொள்கிறது. பாஸ்வேர்டை மட்டும் அந்த ஃபோல்டரில் வைப்பதில்லை. அம்மா பாஸ்புக்கைத் தனியாகத்தானே வைக்கிறார்!

ஒவ்வொரு வரிக்கும் மேலே தமிழிலேயே குறிப்பு எழுதுகிறேன். புரியாத வரியை எங்கிருந்தும் எடுத்து ஒட்டுவதில்லை. மாற்றியதும் 'பாஷ் மைனஸ் என்' கொடுத்தால் தொடரியல் பிழை இருந்தால் சொல்லிவிடும்.

இப்போது அந்த ஃபோல்டர் ஒரு பென் டிரைவிலும் இருக்கிறது. எந்த லினக்ஸ் கணிப்பொறி கிடைத்தாலும் ஐந்து நிமிஷத்தில் அது என்னுடையது மாதிரி ஆகிவிடும். சொந்தக் கணிப்பொறி இல்லாத தம்பி தங்கைகளே, உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பெட்டி இரவலாக இருக்கலாம். உள்ளே அடுக்கி வைப்பது உங்களுடையதாக இருக்கட்டும்!