காணாக்கடி

ஹந்தானைச் சரிவில் மூடுபனி இறங்கிய ஒரு மாலையில், எமது நான்கு வயது மகளின் உடலெங்கும் செந்தடிப்புகள் எழுந்தன. "காணாக்கடி" என்றார் எம் அன்னையார். கடித்தது எதுவெனக் காணோம் என்பதை அப்பழம்பெயரே ஒப்புக்கொள்கிறதன்றோ! நாமோ ஒப்பவில்லை. முட்டையை நிறுத்தினோம், கச்சானை நிறுத்தினோம், மூன்றாம் நாள் பாலையும் நிறுத்தினோம். குழந்தை வாடினாள். தடிப்போ ஓரிடத்தில் மறைந்து வேறோரிடத்தில் முளைத்தது.

மருத்துவர் முதலில் வினவியது உணவைப் பற்றியன்று. "சென்ற வாரம் தடிமன், காய்ச்சல் இருந்ததா?" இருந்தது. சிறுவருக்கு இவ்வாறு தடிப்பதற்குப் பெரும்பாலும் வைரஸ் தொற்றே காரணமாம். உணவு ஒவ்வாமையாயின், பொதுவாக உண்டு இரண்டு மணி நேரத்துள் தெரிந்துவிடுமாம். எனினும் நாக்கு வீங்கினால், மூச்சுத் திணறினால், மயக்கமுற்றால் கணமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அங்கே முதல் மருந்து அட்ரினலின் ஊசி. இதை அவர் இருமுறை சொன்னார்.

'அலர்ஜி' என்னும் சொல்லை வியன்னாவின் குழந்தை மருத்துவர் பிர்க்கே 1906இல் ஆக்கினார். நூறாண்டு கடந்தும் பல தடிப்புகளின் காரணம் காணாததாகவே மறைந்துவிடுகிறது.

அன்றிரவு மகள் பாற்கோப்பையை இரு கைகளாலும் பற்றிக் குடித்தாள். அன்னையார் மட்டும் அவள் முதுகைத் தடவிப் பார்த்தவண்ணம் இருந்தார்.